சிக்னல் எட்டவில்லையா, முடக்கப்பட்டதா? விழிஞ்ஞம் கடற்கரை எழுப்பும் கேள்வி

திருவனந்தபுரம்: விழிஞ்ஞம் பகுதியில் ஒரு லாரியின் கண்காணிப்புக் கருவி திடீரெனப் பேச்சை நிறுத்திவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கட்டுப்பாட்டு அறையின் திரையில் அந்த லாரியைக் குறிக்கும் புள்ளி சாம்பல் நிறத்துக்கு மாறும். லாரி சிக்னல் எட்டாத பள்ளத்தில் இறங்கியிருக்கலாம். கருவியின் சிம் அட்டைக்குச் சந்தா கட்டாமல் விடப்பட்டிருக்கலாம். பேட்டரி வயர் பிடுங்கப்பட்டிருக்கலாம். அல்லது, ஓட்டுநர் இருக்கைக்கு அருகே செருகப்பட்ட சிறிய ஜாமர் சுற்றிலும் உள்ள அலைகளை மூழ்கடித்துக்கொண்டிருக்கலாம். நான்கு காரணங்களுக்கும் திரையில் ஒரே சாம்பல் நிறம்தான்.

இந்த நான்கையும் பிரித்தறியும் திறன், கருவிக்குள் இருக்கும் தபால்தலை அளவிலான ஒரு மின்னணுப் பாகத்திடம் பல ஆண்டுகளாகவே இருந்து வருகிறது என்பதுதான் பலரும் அறியாத செய்தி. செல்லுலார் மாட்யூல் எனப்படும் இந்தத் தகவல் தொடர்புத் தொகுதிகள் ஸ்மார்ட் மின்மீட்டர்களிலும், பேருந்துகளின் கண்காணிப்புக் கருவிகளிலும், குளிரூட்டப்பட்ட கன்டெய்னர்களிலும், பணம் செலுத்தும் இயந்திரங்களிலும் பொருத்தப்படுகின்றன. மனிதர் பேசாமல் இயந்திரங்கள் மட்டுமே பேசிக்கொள்ளும் இந்த இணைப்புகளுக்காகவே இந்தியாவில் 2018 ஜூலை முதல் 13 இலக்க எண்கள் ஒதுக்கப்பட்டு வருகின்றன.

2025 மே 2 அன்று பிரதமர் நரேந்திர மோடி நாட்டுக்கு அர்ப்பணித்த விழிஞ்ஞம் சர்வதேசத் துறைமுகம், சர்வதேசக் கப்பல் பாதையிலிருந்து ஏறத்தாழ 10 கடல் மைல் தொலைவில் அமைந்துள்ளது. அதன் அலைத்தடுப்புச் சுவரை ஒட்டியே பழமையான மீன்பிடித் துறைமுகம் இயங்குகிறது. கரையோரமாக வடக்கே சுமார் 15 கிலோமீட்டரில் திருவனந்தபுரம் விமான நிலையமும், அதையும் தாண்டினால் 1963-இல் இந்தியாவின் முதல் ஆய்வு ராக்கெட் ஏவப்பட்ட தும்பாவும் உள்ளன. கப்பல், லாரி, படகு, விமானம் ஆகிய நான்கும் வானலைகளையே நம்பியிருக்கும் இவ்வளவு குறுகிய கடற்கரைப் பகுதி தென்னிந்தியாவில் வேறு எங்கும் எளிதில் காணக்கிடைக்காது. இங்கு ஒரு கருவியின் மௌனத்துக்கு என்ன பொருள் என்பது வெறும் தொழில்நுட்ப ஐயம் அல்ல. அதற்கான காரணம் 2017-ஆம் ஆண்டில் இருக்கிறது. அதற்கு முன், மாட்யூல் எவ்வாறு கண்டறிகிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

இரைச்சலும் வெறுமையும்

ஆளரவமற்ற வயல்வெளியில் நண்பரின் குரல் கேட்பதில்லை. தேர்த்திருவிழாக் கூட்டத்தின் நடுவே நின்றாலும் கேட்பதில்லை. விளைவு ஒன்றே என்றாலும், எந்த இடத்தில் நிற்கிறோம் என்பது காதுக்குத் தெரியும். மாட்யூலின் இடையூறு கண்டறியும் வசதி இதே அடிப்படையில்தான் இயங்குகிறது.

சிக்னல் எட்டாத இடத்தில் ஆன்டெனா பெறும் மொத்த அலைச்சக்தி மிகக் குறைவாக இருக்கும், கோபுரமும் தென்படாது. ஜாமர் இயங்கும் இடத்தில் பெறும் சக்தி மிக அதிகமாக இருக்கும். ஆனாலும் கோபுரம் தென்படாது. பழைய 2ஜி வலையமைப்பில், குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேற்பட்ட அலைவரிசைகளில் சக்தி வரம்பைத் தாண்டியும் ஒன்றில்கூடக் கோபுரத்தின் அடையாளக் குறியீட்டைப் படிக்க இயலவில்லை என்றால், "அலைகள் முடக்கப்பட்டுள்ளன" என்று மாட்யூல் முடிவு செய்கிறது. 4ஜியில் ஒவ்வொரு செல்லுக்கும் 504 எண்களில் ஒன்று அடையாளமாக வழங்கப்பட்டு, அது ஒத்திசைவு சமிக்ஞைகள் மூலம் இடைவிடாது ஒலிபரப்பாகிறது. சக்தி இருந்தும் இந்த ஒத்திசைவு கிடைக்காமல் போவதும், சமிக்ஞைக்கும் இரைச்சலுக்கும் இடையிலான விகிதம் சட்டெனச் சரிவதும் அங்கு அறிகுறிகள் ஆகும்.

டெலிட், குவெக்டெல், சிம்காம் போன்ற நிறுவனங்களின் பல மாட்யூல்களில் இந்த வசதியை ஒற்றைக் கட்டளையால் இயக்கலாம். அந்தக் கட்டளைகள் இன்றும் 'ஏடி' என்ற இரண்டு எழுத்துகளில்தான் தொடங்குகின்றன. 1981-இல் அமெரிக்காவின் ஹேயஸ் நிறுவனம் தொலைபேசி மோடமுக்காக வகுத்த அதே மொழி, நாற்பது ஆண்டுகளைக் கடந்தும் 5ஜி மாட்யூல்களுக்குள் உயிரோடு இருக்கிறது.

இடையூறு கண்டறிதல் இயக்கப்படாவிட்டாலும் மாட்யூல் முற்றிலும் ஊமை அல்ல. வலையமைப்பில் பதிவாகும் நிலையை அது எண்களால் தெரிவிக்கும்: 1 என்றால் சொந்த வலையமைப்பில் பதிவாகியுள்ளது, 2 என்றால் தேடிக்கொண்டிருக்கிறது, 3 என்றால் பதிவு மறுக்கப்பட்டது, 5 என்றால் வேறு நிறுவனத்தின் வலையமைப்பில் உள்ளது. இவற்றில் 3 என்ற எண் பெரும்பாலும் சதியின் அறிகுறி அல்ல. சந்தா புதுப்பிக்கப்படாததன் அறிகுறி. திரையில் சாம்பல் புள்ளியாக மாறும் வாகனங்களில் எத்தனை இந்த வகையைச் சேர்ந்தவை என்பதைக் கட்டுப்பாட்டு அறைகள் ஒருமுறை எண்ணிப் பார்த்தாலே பல மர்மங்கள் தீரும்.

பூட்டிய அறைக்குள் அபாய மணி

இந்த வசதியைப் பரவலாக்கியவர்கள் ஒருவகையில் திருடர்களே. பிரேசிலிலும் மெக்சிகோவிலும் சரக்கு லாரிகளைக் கடத்தும் கும்பல்கள் முதலில் ஜாமரை இயக்கிக் கண்காணிப்புக் கருவியை மூழ்கடித்து, பிறகு லாரியை ஓட்டிச் செல்வதை வழக்கமாக்கின. அதற்கு எதிர்வினையாகவே, இடையூறை உணர்ந்தவுடன் எச்சரிக்கை ஒலி எழுப்பும் அல்லது எஞ்சின் மீண்டும் இயங்காதபடி தடுக்கும் கருவிகள் சந்தையில் பெருகின.

எனினும் இதில் ஓர் அடிப்படைச் சிக்கல் உண்டு. தான் முடக்கப்பட்டிருப்பதை மாட்யூல் அறிந்தாலும், முடக்கப்பட்ட அதே வழியாக அதை வெளியே சொல்ல இயலாது. பூட்டிய அறைக்குள் ஒலிக்கும் அபாய மணியைப் போன்றது அதன் நிலை. ஆகவே கருவியிடம் எதிர்பார்க்க வேண்டியது இரண்டு செயல்கள்: நடந்ததை நேரத்துடன் பதிவு செய்து அலை திரும்பியவுடன் அனுப்புவது, வேறு வழி இருந்தால் அதற்கு மாறுவது. மீதிப் பொறுப்பு கேட்கும் தரப்பைச் சேர்ந்தது. குறித்த நேரத்தில் வர வேண்டிய 'நலம்' என்ற செய்தி வரவில்லை என்றால், கடைசிச் செய்தியில் சிக்னல் அளவு என்னவாக இருந்தது, அருகில் உள்ள மற்றக் கருவிகள் பேசுகின்றனவா என்பதைச் சர்வர் உடனே ஒப்பிட வேண்டும். ஒரே சாலையில் அடுத்தடுத்து வந்த ஐந்து லாரிகளில் ஐந்தும் ஒரே நிமிடத்தில் மௌனமானால் கோபுரம் பழுதாகியிருக்கலாம். ஒன்று மட்டும் மௌனமாகி, அதை முந்திச் சென்ற வாகனங்களும் சில விநாடிகள் தடுமாறினால், ஜாமர் அந்த ஒரு லாரிக்குள் இருக்கிறது.

இந்தியாவில் இதற்கான மூலப்பொருள் ஏற்கெனவே கையில் உள்ளது. 2016 நவம்பரில் அறிவிக்கப்பட்ட விதியின்படி, 2019 ஜனவரி 1 முதல் பதிவாகும் பொதுப் பயணிகள் வாகனங்களில் ஏஐஎஸ்-140 தரநிலைக் கருவி கட்டாயமாகும். இரு சக்கர வாகனங்கள், ஆட்டோக்கள் உள்ளிட்டவற்றுக்கு விலக்கு உண்டு. இக்கருவி அனுப்பும் ஒவ்வொரு தகவல் பொட்டலத்திலும் இருப்பிடத்துடன் சிக்னல் வலிமை, கோபுர அடையாளம், அண்டைக் கோபுரங்களின் விவரம் ஆகியவையும் சேர்ந்தே வருகின்றன. வலையமைப்பு இல்லாத நேரத்தில் குறைந்தது 40,000 இருப்பிடப் பதிவுகளைச் சேமித்து வைக்கும் திறனும் கருவிக்கு வேண்டும். கேரளத்தில் இவற்றை 'சுரக்ஷா மித்ரா' என்ற அமைப்பின் மூலம் மோட்டார் வாகனத் துறை கண்காணிக்கிறது. பெண்களின் பாதுகாப்புக்கான அவசரப் பொத்தானை மனத்தில் கொண்டு உருவான ஏற்பாடு இது. பொத்தானை அழுத்திய நொடியில் ஜாமர் இயங்கிக்கொண்டிருந்தால் பொத்தானால் பயனில்லை என்பதையும் இதே ஏற்பாடு கணக்கில் கொள்ள வேண்டும்.

ஒரு லாரி, ஒரு விமான நிலையம்

ஜாமரின் ஆபத்து அதை வைத்திருப்பவரோடு நிற்பதில்லை. அமெரிக்காவின் நியூவார்க் விமான நிலையத்தில் 2012-இல் நடந்த நிகழ்வு இதற்குத் தெளிவான சான்று. விமானங்கள் தரையிறங்க உதவும் செயற்கைக்கோள் துல்லிய அமைப்பு அங்கு இடையூறுக்கு உள்ளானது. தேடிச் சென்ற அதிகாரிகள் கண்டுபிடித்தது எதிரி நாட்டின் சாதனத்தை அல்ல. நிறுவன வாகனம் எங்கே போகிறது என்பதை முதலாளியிடமிருந்து மறைக்க ஓர் ஊழியர் செருகியிருந்த சிறிய ஜிபிஎஸ் ஜாமரை. 2013-இல் அவருக்கு 31,875 டாலர் அபராதம் விதிக்க அந்நாட்டுத் தகவல் தொடர்பு ஆணையம் முடிவு செய்தது. நியூவார்க்கிலும் கன்டெய்னர் துறைமுகமும் விமான நிலையமும் அருகருகே அமைந்துள்ளன என்பது குறிப்பிடத்தக்கது.

இந்தியாவில் அரசின் சிறப்பு அனுமதியின்றி ஜாமர், ஜிபிஎஸ் தடுப்பான் ஆகியவற்றைப் பயன்படுத்துவது சட்டவிரோதம் என்றும், தனியார் இவற்றை வாங்கவே முடியாது என்றும் தொலைத்தொடர்புத் துறை 2022 ஜூலையில் தெளிவுபடுத்தியது. தடை தெளிவாக உள்ளது. ஆனால் ஓடும் வாகனத்துக்குள் இருக்கும் கைக்கடக்கமான பொருளை அது கடந்து சென்ற பிறகு எப்படிக் கண்டுபிடிப்பது? ஒவ்வொரு சாலைக்கும் அளவீட்டு வாகனம் அனுப்ப எந்த அரசிடமும் ஆட்கள் இல்லை. சாலையில் செல்லும் ஆயிரக்கணக்கான பேருந்து மாட்யூல்களையே காதுகளாகப் பயன்படுத்துவதுதான் நடைமுறைக்கு உகந்த வழி.

செயற்கைக்கோள் சமிக்ஞையை முடக்குவது கைப்பேசி அலையை முடக்குவதைவிடவும் எளிது. சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் ஜிபிஎஸ் அலை தரையை அடையும்போது, ஒரு வாட்டை நூறு கோடி கோடிப் பங்குகளாகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு பங்கு அளவே எஞ்சுகிறது. 2023 நவம்பர் முதல் 2025 பிப்ரவரி வரை அமிர்தசரஸ், ஜம்மு எல்லைப் பகுதிகளில் இத்தகைய 465 நிகழ்வுகள் பதிவானதாக நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. 2025 இறுதியில் டெல்லி விமான நிலையம் அருகே போலி சமிக்ஞைகள் தென்பட்டதையும் மத்திய அரசு உறுதிப்படுத்தியது.

கடலில் நிலைமை இன்னும் கடுமை. விழிஞ்ஞத்துக்கு அதிகமாக வந்து செல்லும் கப்பல்கள் எம்எஸ்சி நிறுவனத்தைச் சேர்ந்தவை. அதே நிறுவனத்தின் எம்எஸ்சி அன்டோனியா 2025 மே மாதம் செங்கடலில் ஜெட்டா அருகே தரைதட்டியது. ஜிபிஎஸ் இடையூறே அதற்குக் காரணமாக இருக்கக்கூடும் எனக் கடல்சார் பகுப்பாய்வு நிறுவனங்கள் கருதின. அடுத்த மாதமே ஹோர்முஸ் நீரிணைக்கு அருகே, இடையூறு உச்சத்தில் இருந்த நாள்களில், ஃபிரன்ட் ஈகிள், அடலின் என்ற இரு எண்ணெய்க் கப்பல்கள் மோதிக்கொண்டன. அந்த வழித்தடங்களிலிருந்து வரும் கப்பல்கள்தான் விழிஞ்ஞத்தில் சரக்கு மாற்றுகின்றன.

போலி சமிக்ஞையின் தன்மை ஜாமரிலிருந்து மாறுபட்டது. அது கருவியை ஊமையாக்குவதில்லை. பொய் சொல்ல வைக்கிறது. இரைச்சலை மட்டும் தேடும் மாட்யூல் இதில் ஏமாந்துவிடும். கருவி காட்டும் இருப்பிடமும், அது பேசிக்கொண்டிருக்கும் கோபுரத்தின் இருப்பிடமும் பொருந்துகின்றனவா என்று ஒப்பிடுவது எளிய தற்காப்பு. கருவி பாலக்காட்டில் இருப்பதாக ஜிபிஎஸ் சொல்ல, பேசும் கோபுரம் பாலராமபுரத்தில் இருந்தால் இரண்டில் ஒன்று பொய்.

அழைக்காமல் வந்த மோடம்

மௌனமாகும் மாட்யூல் ஒரு கவலை என்றால், யாரும் அறியாமல் பேசும் மாட்யூல் அதற்கு நேர்மாறான கவலை. அமெரிக்கத் துறைமுகங்களில் உள்ள சீனாவின் இசட்பிஎம்சி நிறுவனக் கிரேன்கள் சிலவற்றில், ஒப்பந்தத்தில் குறிப்பிடப்படாத செல்லுலார் மோடம்கள் இருந்ததாக அந்நாட்டு நாடாளுமன்றக் குழுக்கள் 2024-இல் தெரிவித்தன. பராமரிப்புக்கானவை என்ற விளக்கம் முன்வைக்கப்பட்டது. தனது கிரேன்களால் பாதுகாப்பு ஆபத்து இல்லை என்று இசட்பிஎம்சி மறுத்தது.

விழிஞ்ஞத்துக்கு முதன்முதலில் வந்த சரக்குக் கப்பலான ஜென் ஹுவா 15, 2023 அக்டோபரில் கொண்டுவந்து இறக்கியவையும் இதே நிறுவனத்தின் கிரேன்களே. இதை விழிஞ்ஞத்தின் மீதான ஐயமாகக் கொள்ள இடமில்லை. உலகின் பெரும்பாலான துறைமுகங்களும் இந்நிறுவனத்தின் கிரேன்களையே வாங்குகின்றன. கவனிக்க வேண்டியது வேறு. அப்போது கப்பலின் சீனப் பணியாளர்கள் கரையில் கால்வைக்கக் குடியேற்ற அனுமதி கிடைக்கத் தாமதமாகி, கிரேன்களை இறக்கும் பணியும் தள்ளிப்போனது. மனிதருக்குக் காட்டப்படும் இந்தக் கண்டிப்பு இயந்திரத்துக்குள் இருக்கும் சிம் அட்டைக்கும் காட்டப்பட வேண்டும். ஒவ்வொரு மாட்யூலும் வலையமைப்பில் பதிவாகும்போது தனது 15 இலக்க ஐஎம்இஐ எண்ணைத் தெரிவிக்கக் கடமைப்பட்டது. துறைமுக வளாகத்தில் நிரந்தரமாக இருக்கும் எண்களின் பட்டியலைப் பராமரிப்பது பெரிய செலவு பிடிக்கும் வேலை அல்ல.

கருவியே இல்லாத மௌனமும் உண்டு. விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் புறப்பட்ட எம்எஸ்சி எல்சா 3 கப்பல் 2025 மே 25 அன்று 640 கன்டெய்னர்களுடன் மூழ்கியபோது, மிதந்த பெட்டிகள் கொல்லம், ஆலப்புழை, திருவனந்தபுரம் கரைகளில் ஒதுங்கின. விபத்துக்கும் வானலைக்கும் தொடர்பில்லை. ஆனால் எந்தப் பெட்டி எங்கே மிதக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்தே அறிய வேண்டியிருந்தது. குளிரூட்டப்பட்ட பெட்டிகளில் மாட்யூல் பொருத்துவது இன்று இயல்பாகிவிட்டது. சாதாரணப் பெட்டிகள் பெரும்பாலானவற்றில் அது இல்லை.

ஒக்கி கற்பித்த பாடம்

இந்தக் கடற்கரையில் மௌனத்துக்கு மிகக் கொடிய விலை 2017-இல் கொடுக்கப்பட்டது. நவம்பர் 30 அன்று ஒக்கி புயலாக வலுப்பெற்ற நேரத்தில் விழிஞ்ஞம், பூந்துறை மீனவர்களும், குமரி மாவட்டத்தின் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை மீனவர்களும் ஏற்கெனவே கடலில் இருந்தனர். கரையிலிருந்து கைப்பேசி அலை பொதுவாகக் குறுகிய தொலைவுக்கே எட்டும். 2ஜி தொழில்நுட்பத்தின் வழக்கமான நேரக் கணக்கீட்டின்படி ஒரு கோபுரத்தின் உச்ச எல்லையே 35 கிலோமீட்டர்தான். ஆழ்கடலில் நாள்கணக்கில் தங்கி மீன்பிடிக்கும் தூத்தூர் படகுகளுக்கு அந்த எல்லை வீட்டு வாசல் போன்றது.

அதனால் கரையில் இருந்தவர்களுக்குக் கிடைத்தது "தொடர்பு எல்லைக்கு அப்பால்" என்ற பதிவுக் குரல் மட்டுமே. நலமாக மீன்பிடித்துக்கொண்டிருந்தாலும் அதே குரல்தான். படகு கவிழ்ந்திருந்தாலும் அதே குரல்தான். தேடுதல் எங்கே தொடங்க வேண்டும் என்பதே தெரியாமல் முதல் மணிநேரங்கள் கரைந்தன. நூற்றுக்கணக்கானோர் திரும்பவில்லை.

அதன் பிறகு வந்த ஏற்பாடுகள் பயனுள்ளவையே. 2019 அக்டோபரில் வெளியிடப்பட்ட 'ஜெமினி' கருவி, ககன் செயற்கைக்கோள் வழியாக வரும் எச்சரிக்கையை ப்ளூடூத் மூலம் மீனவரின் கைப்பேசிக்குத் தருகிறது. ஆனால் அது ஒருவழிப் பாதை. மீனவரால் அதில் பதில் சொல்ல முடியாது. இருவழித் தொடர்புக்கான டிரான்ஸ்பாண்டர்களை இஸ்ரோ உருவாக்கியது. 13 கடலோர மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களில் ஒரு லட்சம் படகுகளுக்கு இவற்றைச் சுமார் 360 கோடி ரூபாயில் வழங்கும் திட்டத்தைப் பிரதமர் 2024 ஆகஸ்ட் 30 அன்று மகாராஷ்டிரத்தின் பால்கரில் தொடங்கிவைத்தார்.

இங்குதான் மாட்யூலின் சிறு வசதி மீண்டும் முக்கியத்துவம் பெறுகிறது. கரையோரம் செல்லும்வரை செல்லுலார், எல்லை தாண்டியதும் செயற்கைக்கோள் என்று மாறிக்கொள்ளும் கருவி, எப்போது, ஏன் மாறியது என்பதையும் சேர்த்துச் சொல்ல முடியும். "சக்தி படிப்படியாகக் குறைந்து சிக்னல் மறைந்தது" என்பது படகு கடலுக்குள் செல்வதன் இயல்பான அடையாளம். "சக்தி உயர்ந்திருந்தும் கோபுரம் மறைந்தது" என்பது இயல்பல்ல. "முழு சிக்னல் இருந்தபோதே பேச்சு நின்றது" என்பது மின்சாரம் போனதையோ படகே போனதையோ குறிக்கலாம். கடலோரக் காவல்படைக்கு இந்த மூன்றாவது வகைதான் முதலில் தேவை.

விழிஞ்ஞம் கடற்கரையின் மூத்த மீனவர்களுக்கு இந்தச் சரிபார்ப்பு முறை புதிதல்ல. கரையில் தெரியும் மலை, தேவாலயக் கோபுரம் போன்ற அடையாளங்களை இரண்டிரண்டாக ஒரே நேர்க்கோட்டில் வைத்து, இரு கோடுகள் சந்திக்கும் இடத்தைக் கொண்டு கடலடிப் பாறைகளைக் கண்டறியும் 'கணிச்சம்' என்ற முறை அவர்களிடம் உண்டு. ஓர் அடையாளம் மூடுபனியில் மறைந்தால் இன்னொன்றால் சரிபார்ப்பார்கள். எந்த ஜாமராலும் முடக்க முடியாத இந்த முறையின் சாரமும், ஜிபிஎஸ் இருப்பிடத்தைக் கோபுர இருப்பிடத்தோடு ஒப்பிடுவதன் சாரமும் ஒன்றுதான்.

பொய் எச்சரிக்கையின் விலை

இடையூறு கண்டறிதல் பிழையற்றது அல்ல. வெல்டிங் இயந்திரம், பழுதான சிக்னல் பூஸ்டர், தவறாகப் பொருத்தப்பட்ட ஆன்டெனா ஆகியவையும் ஜாமரைப் போன்ற தோற்றத்தைத் தரலாம். கோபுரங்கள் திணறும் அளவுக்குக் கூட்டம் கூடும் ஆற்றுகால் பொங்கல் நாளில் நகரின் பாதி மாட்யூல்கள் கூக்குரலிட்டால் வியப்பதற்கில்லை. வரம்பு எண்ணைத் தளர்த்தினால் உண்மையான தாக்குதல் நழுவும். இறுக்கினால் பொய் எச்சரிக்கை பெருகி, கட்டுப்பாட்டு அறை ஊழியர் ஒலியை அணைத்துவைக்கும் நிலை வரும். அதனால்தான் இடையூறை உணர்ந்தவுடன் எஞ்சினை நிறுத்தும் லத்தீன் அமெரிக்க முறையை நம் நெடுஞ்சாலைகளுக்கு அப்படியே கொண்டுவருவது விபரீதமாகும். சரக்கு லாரியைக் காப்பதற்காக அதன் பின்னால் வரும் பேருந்தைப் பலிகொடுக்க முடியாது.

வரம்புகளை உற்பத்தி நிறுவனத்தின் இயல்பு அமைப்பிலேயே விட்டுவிடாமல், அந்தந்த ஊரில் அளந்து நிர்ணயிப்பதே தீர்வு. விழிஞ்ஞத்தில் கிரேன்களின் இரும்புக் காடும், கடல்நீரின் பிரதிபலிப்பும், கோவளம் பக்கத்துக் குன்றுகளும் அலையின் நடத்தையை மாற்றக்கூடியவை. தண்டவாளத்தில் நகரும் கிரேன்கள் மின்வடத்தோடு கண்ணாடியிழை வடத்தையும் இழுத்துச் செல்ல இயலும் என்பதால் அவற்றுக்கு மாற்று வழி உண்டு. லாரிக்கும் படகுக்கும் அந்த வசதி கிடையாது. துறைமுகத்தின் சாலை வழிச் சரக்குப் போக்குவரத்து பெருகும்போது, இங்கிருந்து புறப்படும் லாரிகள் களியக்காவிளையைத் தாண்டித் தமிழக எல்லைக்குள்ளும் வரும். அப்போது கேரளத்தின் சர்வர் 'இடையூறு' என்று குறித்ததைத் தமிழகத்தின் சர்வர் 'சிக்னல் இல்லை' என்று குறித்தால், எல்லையைக் கடக்கும் ஒவ்வொரு லாரியின் கதையும் பாதியில் அறுந்துவிடும். இரு மாநிலங்களின் போக்குவரத்துத் துறைகளும் மீன்வளத் துறைகளும் மௌனத்தின் வகைகளுக்குப் பொதுவான குறியீடுகளை ஏற்பது இதற்கான முதல் வேலை. அதற்குப் புதிய செயற்கைக்கோளோ, புதிய சட்டமோ தேவையில்லை; ஏற்கெனவே பொருத்தப்பட்டிருக்கும் மாட்யூல்களில் ஒரு கட்டளையும், சர்வரில் ஒரு கூடுதல் பத்தியும் போதும்.